ஒன்பது நாற்பது

டச்பாரில் இருந்து கிரான்குளம்.
பஸ்ஸில் போனால் அரை மணித்தியாலம்,
மிச்சச் சில்லறை தரமாட்டான், அவ்வளவுதான் கஷ்டம்.
நான் ஐந்து மணித்தியாலம் எடுப்பேன்,
கச்சான் எழும்பாவிட்டால்.

கழுத்திலும் கமுக்கட்டிலும் வாசலீன் அப்பி
இருட்டோடு இறங்குகிறேன்.
யூஜினின் போட் இடப்பக்கம் முக்கிக்கொண்டு வருகிறது.
வலையைக் கரையில் விடச் சொன்னது நான்தான்.
பாரம் குறைந்தால் எண்ணெய் மிச்சம்,
எண்ணெய்க் காசு என் காசு.

போட்டைத் தொடக்கூடாது.
விரல் பட்டாலும் அன்றைய நீச்சல் கணக்கில் சேராது.
நூலில் கட்டிய போத்தல் பறந்து வரும்.
மல்லாந்து கிடந்து குடிப்பேன்
சீனி கூடின பிளேன்ரீயும் கொஞ்சம் கடலும்.
நூலைச் சுண்டுவான். போத்தல் போய்விடும்.
தூண்டில் பழகிய கை.

ஊருக்கு வருகிறவர்கள் பாடுமீன் கேட்பார்கள்.
அது ஆற்றுக்குள், பாலத்தடியில், நிலவுக்கு
என்று அனுப்பிவிடுவேன்.
கடலுக்குள் எனக்குக் கேட்பது
தாச்சியில் கடுகு வெடிக்கிற சத்தம்.
பாருக்குள் இறால்கள் விரல் சொடுக்குகின்றனவாம்.
விடிய ஆறு மணிக்கு
எனக்குப் பசிக்கிறது.

வலப்பக்க மூச்சில் கரை:
காத்தான்குடி மினாராக்கள்
ஒரு மூச்சுக்கு ஒன்றாய் நகரும்,
பிறகு நகராது.
நீரோட்டம் எதிர்த்தால்
ஒரே மினாராவை நாற்பது தடவை பார்க்க வேண்டும்.
ஆரையம்பதிக்கு நேரே சொறி.
கை பட்ட இடம் மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை
யாரோ இஸ்திரிப்பெட்டி வைத்ததுபோல.
கத்தினால் உப்புத்தான் உள்ளே போகும். எண்ணினேன்.
தாழங்குடாவில் ஓர் ஆமை
மேலே வந்து மூச்செடுத்து, என்னைப் பார்த்து,
கடன்காரியைக் கண்டதுபோல்
கீழே போனது.

எண்ணுவதுதான் என் தொழிலும்.
அரசடியில் வங்கி, அடகுக் கவுண்டர்.
கிழமைநாட்களில் தராசு, கல், உரசுகிற அமிலம்.
யூஜினின் மனைவி ஸ்டெலாவின் காப்பு இரண்டு
எங்கள் பெட்டகத்தில் கிடக்கின்றன.
தவணை ஐப்பசியில் முடிகிறது.
இது எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும்.
நாங்கள் காற்றைப் பற்றியே பேசுவோம்.

பிறகுதான் அது.
வெயில் கீழிருந்து வருகிறது என்று நினைத்தேன்.
பாரை.
ஒன்றல்ல, நூறல்ல, ஒரு சுவர்.
சுவர் திரும்பியது, வட்டமானது,
வட்டத்தின் நடுவில் நான்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கண். அத்தனை கண்ணிலும்
தட்டையாய்க் கைகால் வீசுகிற ஒரு பெண்பிள்ளை.
எனக்குப் பயமாக இல்லை.
எடை போட்டேன். கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் போட்டேன்.
ரெண்டு காப்பு, எஞ்சின் கடன், மழைக்காலம் முழுக்க அரிசி.

'யூஜின், கீழே பார்.'
மூன்று சொல். ஒரு மூச்சு போதும்.
அவன் ஒரு கோல் எடுத்தால்
தம்பியின் வள்ளம் முக்கால் மணியில் வலையோடு வரும்.
அதுவரை அவன் மீனை விட்டு அசையமாட்டான்.
பிறகு என்னோடு யார் வருவது?
நாலு மணித்தியாலம் நீந்தியது கணக்கில் இல்லை.
இடப்பக்கம் மூச்செடுத்தேன்.
வாய் திறந்துதான் இருந்தது.
காற்றை மட்டும் எடுத்துக்கொண்டு
முகத்தைத் தாழ்த்தினேன்.

கீழே வெறும் பச்சை.

கிரான்குளத்தில் கால் மண்ணைப் பிடிக்கவில்லை,
தவழ்ந்தே ஏறினேன்.
துவாயும் கொப்பியும் நீட்டினான்.
அரை மணிக்கொருக்கால், சிலவேளை இடையிலும்,
நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எழுதுவான்.
54. 54. 53. 54.
ஒன்பது நாற்பதுக்கு எதிரே 41.
அதற்குப் பக்கத்தில் பென்சிலால்
'ஆலா. பாரையோ? 40 பெட்டி?'

தலையை நிமிர்த்தவில்லை நான்.
"மேல ஆலா சுத்தினது" என்றான்.
"நீங்க நிப்பாட்டுவீங்க எண்டு பார்த்தன்."
"நீ ஏன் கோல் எடுக்கல்ல?"
நூலைப் போத்தலில் சுற்றிக்கொண்டிருந்தான்.
"நல்லா நீந்தினீங்க" என்றான். அது பதில் இல்லை.

எண்ணெய்க் காசு கொடுத்தேன். எண்ணிப் பார்த்தான்.
"வாற சனி வலையும் வரும்."
"பாரம்" என்றேன், வாயில் இன்னும் உப்பு.
"பாரம்தான்" என்றான்.