பிடிக்கு அடியில்

பெட்டியை உடனே திறக்கக் கூடாது.
சோலின் குளிர் இன்னும் உள்ளே இருக்கிறது,
கோலாலம்பூர்க் காற்று பட்டால் வியர்த்துவிடும்.
ஒரு நாள் முழுக்க நிலவறையில் காத்திருந்தோம்.
காவலாகக் கூட வந்த குவாக் யோன்சு
பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு
ஆஸ்பத்திரி வராந்தாவில் போல உட்கார்ந்திருந்தாள்.

இன்று திருகாணி பதினாறும் கழன்றன.
படிவத்தில் முதல் கட்டம்: பொருளின் பெயர்.
ஜுஜொன்ஜா, என்றாள்.
ரஹிமி எட்டிப் பார்த்து, கெண்டி, என்றான்.
நானும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
எங்கள் வீட்டில் புழங்காமல் போன சொல்
மலாயில் குடியேறிச் சுகமாய் இருந்திருக்கிறது.

அடுத்து, நிறம்.
பச்சை என்று எழுதி அழித்தேன்.
நீலம் என்று எழுதி அழித்தேன்.
அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமாம்.
நாங்கள் மட்டும் என்ன,
ஒரே பெருமாளைக் காலையில் நீலமேனி, மாலையில் பச்சைமேனி என்று பாடிவிட்டு
படிவம் எதுவும் நிரப்பாமல் வீட்டுக்குப் போகிறவர்கள்.
நுங்கு நீரில் வெற்றிலை நிழல் விழுந்தாற்போல,
ஆனால் கட்டம் சிறியது.
இளம்பச்சை, என்று போட்டேன். பொய்தான்.

மூக்கு: மூங்கில் குருத்து.
நுனியில் எள்ளளவு சில்லு பெயர்ந்து, பழைய ஒட்டு, பொன்பூச்சு.
மூடி: இல்லை. மூடியைக் கட்டிய வளையம்: உண்டு.
மெருகில் வெடிப்பு: ஆறிய பாலில் ஏடு சுருங்கியதுபோல், உடல் முழுக்க.
வெள்ளை மண் பதித்த கொக்குகள்: பன்னிரண்டு.
கறுப்பு மண்ணில் கால்கள். சுற்றிலும் மேகம்.
ஒன்றுக்காவது இறங்கும் யோசனை இல்லை.

கையுறை வேண்டாம், வழுக்கும், என்றாள் யோன்சு.
கை கழுவி, துடைத்து, மோதிரம் கழற்றி,
ஒரு கை அடியில், ஒரு கை வயிற்றில்.
பிடியை மட்டும் பிடிக்கக் கூடாது.
எண்ணூறு வருஷத்துப் பிடி.
ஒரு நொடி அதை மறந்தது
என் ஆள்காட்டி விரல்.

அங்கே மட்டும் மெருகு சொரசொரத்தது.

டார்ச் அடித்தோம். பதின்மூன்றாவது கொக்கு.
கண் வைக்க மறந்தார்களோ, தேய்ந்துதான் போயிற்றோ.
குடித்தவர் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்,
ஊற்றியவர் விரலுக்கு மட்டும்
ராத்திரிக்கு ராத்திரி தெரிந்திருக்கும்.

யோன்சு கடன் தாளைப் புரட்டினாள். பன்னிரண்டு.
படப்புத்தகத்தில், பன்னிரண்டு.
சோலுக்குப் போன் போட்டாள், எடுப்பாரில்லை.
மேலே நாலு மணி மழை, இடி.
வெளி நடையில் நின்று
ரஹிமி பையில் கட்டி வாங்கிவந்த தே தாரிக் குடித்தோம்.
முழ உயரம் இழுத்து ஆற்றும் கமாலுதீனின் குவளை
பிடிக்கு அடியில் எப்படித் தேய்ந்திருக்கும்?
பதினோரு வருஷமாய்க் குடிக்கிறேன், பார்த்ததில்லை.

பென்சிலுக்கு மட்டுமே அனுமதி.
அலங்காரத்தில் எழுதுவதா, சேதத்திலா?
இரண்டுக்கும் நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்:
கொக்கு 13. ஒன்று, தேய்ந்தது.

யோன்சு இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
மோதிரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு
மறுபடி கை கழுவப் போயிருக்கிறாள்.