முப்பது, ஐம்பது

காசிமேட்டில் ஏலக்கூடத்துக்குப் பின்னால்
ஐஸ் உடைக்கும் மெஷினுக்கும் டீசல் பங்குக்கும் நடுவே
எட்டுக்கு ஆறு என் கடை.
உப்பு தின்ற ஜிபிஎஸ் பெட்டிகளைத் திறந்து
பச்சை பூத்த முனைகளைச் சுரண்டிப்
பற்றவைத்துக் கொடுக்கிறேன்.
கேட்பவர்களுக்குக் கோடும் போட்டுத் தருவேன்.
கோட்டுக்கு இருநூறு ரூபாய்.

இரண்டு தேசங்கள் கையெழுத்திட்ட கோடு.
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்
சம தூரத்தில் புள்ளி தேடி,
ஒரு தீவுக்குக் கொஞ்சம் வளைத்து,
பேரம் பேசி, எங்கோ ஏசி அறையில் முடித்திருக்கிறார்கள்.
எனக்கு வந்து சேர்ந்தது ஜெராக்ஸ்,
ஜெராக்ஸின் ஜெராக்ஸ்,
ஓரம் கருத்த ஒற்றைத் தாள்.

திரையில் அது சிவப்பாக இருக்கும்.
கடல் முழுக்கத் தெரியும்படி சிறிதாக்கினால்
கோட்டின் தடிமனே அரை மைல்.
அதில் எந்த ஓரத்தில் நாடு முடிகிறது என்று
தேசிங்கு ஒருமுறை கேட்டார்.
"சேப்பு பக்கத்துல வந்தாலே திருப்பிடுண்ணா."

திருப்பத்தான் செய்தார்.
சூரைக்கு ஆயிரம் தூண்டில் இறக்கிய ராத்திரி
சிவப்புக்கு இந்தப் பக்கம், திரையில் ஒரு நகத்தளவு தள்ளி,
எஞ்சினை அணைத்துக் காத்திருந்த படகை
அந்தக் கரையின் கப்பல் விளக்கடித்து வளைத்தது.
ஆறு பேர். இன்றைக்கு இருபத்தொரு நாள்.

ராயபுரத்தில் வக்கீல் ஞானசவுந்தரி வாசித்துக் காட்டினார்.
பன்னிரண்டு மைல் வரை ஒரு நாட்டுக்கு வீடு மாதிரி.
இருநூறு வரை மீன் மட்டும் அதற்குச் சொந்தம், வழி எல்லோருக்கும்.
அங்கே மீனுக்காகப் பிடித்தால்
பிணை வாங்கிக்கொண்டு சீக்கிரம் விட வேண்டும்,
ஜெயிலில் போடக் கூடாது.
எழுபத்து மூன்றாம் பிரிவு.
"அப்ப இன்னாத்துக்கு மேடம் உள்ள வெச்சிகீறாங்க?"
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நேற்று ஷட்டரை இழுத்துவிட்டு அந்தத் தாளை எடுத்தேன்.
ஏழாவது புள்ளி.
முப்பது நிமிடம், ஐம்பது நொடி.
நான் அடித்திருந்தது முப்பது புள்ளி ஐம்பது.
ஐம்பதை அறுபதால் வகுக்க வேண்டும்,
எண்பத்து மூன்று வரும்.
ஐந்தாம் வகுப்புக் கணக்கு.
அறுநூறு மீட்டர் தெற்கே தள்ளி
ஒரு தேசத்தை முடித்து வைத்திருக்கிறேன்
இருநூறு ரூபாய்க்கு.

தேசிங்கு பெண்சாதி பவுனுவுக்கு மார்க்கெட்டில் மூன்றடி இடம்.
இந்தப் பக்க எல்லை அவளுடைய ஈரச் சாக்கு,
அந்தப் பக்கம் மேகலாவின் நீலக் கூடை.
இரண்டுக்கும் நடுவே மீன்தண்ணி ஓடும் விரலகலம்
யாருக்கும் சொந்தமில்லை.
அங்கே குந்திச் சொன்னேன்.
வஞ்சிரத்தில் இறங்கிய கத்தி நிற்கவில்லை.

"அறுநூறு மீட்டருன்னா எம்மாந் தூரம்?"
"இங்கேர்ந்து சூரியநாராயண செட்டித் தெரு முன வரைக்கும்க்கா."
"அவ்ளோதானா. நண்டு நடந்துரும்."

அப்புறம்தான் அறைந்தாள்.
கன்னத்தில் நாலு செதில் ஒட்டிக்கொண்டது.
கத்தியைச் சாக்கில் துடைத்தாள், எழுந்தாள்.
"வா. வக்கீலாண்ட இத்த நீயே சொல்லு.
தெரிஞ்சி போவல, தப்பு மிஷின்துன்னு எழுதிக் குடு."
"மிஷின்து இல்லக்கா, என்துதான்."
"அத்தத்தான் எழுதச் சொல்றேன்."

மேகலா, எடத்தப் பாத்துக்க.
போய்ட்டு வாக்கா, நான் கீறேன்.

நாங்கள் திரும்புவதற்குள்
நீலக் கூடை ஒரு சாண் நகர்ந்திருக்கும்.
பவுனுவுக்கு அது தெரியும். மேகலாவுக்கும் தெரியும்.
சாயங்காலம் சத்தம் போட்டுத்
தீர்த்துக்கொள்வார்கள்.