மிச்சமில்லாத கோடு

காலை ஆறரைக்கு வெண்டல் வருவான்,
கசாப்புக்கூடத்திலிருந்து, ஐஸ் வாளியில்
மூன்று பன்றி இதயங்களோடு.
திஸா பாலத்தில் பனி என்பான். வேறு பேச்சில்லை.

இதயத்துக்கே சோறு போடும் தமனியில்
நான்கு மில்லிமீட்டர் வளையம் நறுக்குவேன்.
உட்தோலைப் பஞ்சுக்குச்சியால் உரசி எடுத்துவிடுவேன்:
அது இருந்தால், தட்டணுக்கள் வந்து மோதினாலும்
நாளம் இளகி வழிவிடும்.
அது போனபின்தான் அதற்குப் பயம் தெரியும்.

முப்பத்தேழு டிகிரி உப்புநீரில்
இரண்டு கொக்கிகளுக்கு நடுவே தொங்குகிறது வளையம்,
உடம்பு இன்னும் இருப்பதாய் நம்பிக்கொண்டு.

தட்டணுக்களும் வெண்டல் தந்தவைதான்.
ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
"பதினைந்து நாளில் மாத்திரை ஏதாவது?"
"இல்லை."
படிவத்தில் குறித்துக்கொண்டேன்.

கால் மில்லி விட்டேன்.
பேனா ஏறியது,
படிக்கட்டில் பாதியில் நின்று
மூச்சு வாங்குகிறவனைப் போல.

பிறகு, வழக்கப்படி, கீட்டான்செரின்.
செரட்டோனின் தட்டும் கதவை அது அடைக்கும்.
அடைத்தாலும் ஒரு மிச்சம் நிற்கும் எப்போதும்,
திராம்பாக்சேன் மறுகதவால் நுழைந்து
பிடித்துவைத்திருக்கும் இறுக்கம்.
அந்த மிச்சத்தை நம்பித்தான்
பேராசிரியரின் கட்டுரை, என் சம்பளம்.

இன்று மிச்சமில்லை.
கோடு தரைக்கு வந்து படுத்துவிட்டது.

கரைசலை மாற்றினேன். இன்னொரு வளையம். இன்னொன்று.
எனக்கு முன்பே யாரோ
மறுகதவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
அந்தப் பூட்டை எனக்குத் தெரியும்.
ஆஸ்பிரினை ஒருமுறை சந்தித்த தட்டணு
சாகும்வரை அதை மறப்பதில்லை;
சாவு எட்டு, பத்து நாளில் என்றாலும்.

தலைவலிக்கென்றால் சொல்லியிருப்பான்.

ஜன்னலுக்குக் கீழே வண்டியோரம்
வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தான்,
இடது தோளை அவ்வப்போது தேய்த்தபடி.
எத்தனை நாளாக?
ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்களென்றா?
படிவத்தில் அந்தக் கேள்விகளுக்கு இடமில்லை.

வரைதாளில் எழுதினேன்:
ஏழாம் கொடையாளி, நீக்கம்.
காரணம் என்ற கட்டத்தில்
மை ஒரு புள்ளியாய்ப் பெருத்தது.
எழுதாமல் படியிறங்கினேன்.

"வாளியை இங்கே கொடு."
கொடுக்கவில்லை. ஈரக் கையைக்
கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
என்னை நிமிர்ந்து பார்த்தான்.
"கோடு சொல்லிவிட்டதா?"

தலையசைத்தேன்.
மேலே, அணைக்காமல் விட்டுவந்த பேனா
தாளில் நேராக ஓடிக்கொண்டிருக்கும்.

பாலத்தில் பனி, என்றான்,
இரண்டாம் முறையாக.