நான்கு வினாடி

சுங்காயில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்
திரும்பும் முனையில் ரஃபீக் பாய் கடை.
எங்கள் மேசைக்கு ஒரு கால் குட்டை.
யாரோ வீசிய சிகரெட் பெட்டியை மடித்து
அதன் கீழே செருகிவிட்டுத்தான்
தனேஷ் ஆரம்பிப்பான்.
கணக்கு வாத்தியாராக இருமுவான்,
பள்ளி பஸ்ஸாக முனகி ஏற்றம் ஏறுவான்.
யார் பேச்சை எந்த இடத்தில் வெட்டினால்
மேசையே குலுங்கும் என்று அவனுக்குத் தெரியும்.

தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு
"என்னடா குடிக்கிற?" என்றால்
நான்கு வினாடி. எண்ணியிருக்கிறேன்.
அதற்குள் லிங்கேஸ் பந்தாட்டத்துக்குத் தாவியிருப்பான்,
கிஷோத் புது போனைக் காட்டியிருப்பான்,
எல்லாரும் சிரித்து ஓய்ந்த அமைதியில்
"மைலோ ஐஸ்" என்று விழும் தனேஷின் குரல்.
மறுபடி சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்,
கடைசி ஆளாக, வேண்டியதைவிட அதிக நேரம்.

உள்ளதை உள்ளபடி சொல்வதும் சேர்ந்துகொண்டது.
லிங்கேஸின் அப்பா இறந்த வீட்டில்
"பெட்டி சின்னது" என்றான், வாசல்வரை கேட்க.
பெட்டி சின்னதுதான்.
மேசையில் இப்போது நாங்கள் இருவர்.

ஈப்போவில் ஒரு மிஸ் முகப்படங்கள் தந்திருக்கிறார்,
முப்பது அட்டை.
சனிக்கிழமை நான் காட்டுவேன், அவன் சொல்வான்.
கோபம். சரி.
பயம். சரி.
கேலிக்கு "சந்தோஷம்" என்கிறான்.
இல்லடா, கண்ணைப் பார்.
பார்க்கிறான். கண்ணையே பார்க்கிறான்,
ரொட்டி ஆறி ரப்பராகும்வரை.

இன்று அட்டை தீர்ந்ததும்
"இப்ப என் மூஞ்சி என்ன?" என்றேன்.
எதற்குக் கேட்டேனோ.

ஒன்று, இரண்டு.
ஒரு லாரி பழம் சிந்தித் திரும்பியது.
மூன்று.
"பசி."

"கரெக்ட்" என்று இன்னொரு ரொட்டி சொன்னேன்.
பொய்க்கு அந்தக் கட்டில் அட்டை இல்லை.

அந்த ராத்திரி மோட்டாரை ஓட்டியது நான்.
மழை, நசுங்கிய பழம், தொண்ணூறு.
எனக்கு முழங்கையில் ஏழு தையல்.
அவனுக்கு அந்த நாளே கிடையாது.
அழிந்துபோனது, திரும்ப வராது என்றார் டாக்டர்,
அவனை வைத்துக்கொண்டே.

ஐஸைக் கடித்தபடி தனேஷ் நிமிர்ந்தான்.
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.
இல்லை, கேட்டு எத்தனை வினாடி ஆயிற்றோ.

"நீ அன்னிக்கு மெதுவாத்தான் ஓட்டுன," என்றான்.

மேசை ஆடியது.
கீழே செருக ஏதாவது கிடைக்குமா என்று குனிந்தேன்,
வேண்டியதைவிட அதிக நேரம்.