இருபத்தெட்டுக்குப் பக்கத்தில்

கணுக்காலுக்கு மேலே எலும்பில்
மயிரளவு விரிசல்.
டாக்டர் பேனா முனையால் காட்டியபோது
எக்ஸ்ரே ஃபிலிமில் விழுந்த கீறல் என்றே நினைத்தேன்.
ஆறு வாரம் ஓடக் கூடாது.
அதனால் இன்றைய ஐந்து கிலோமீட்டர் டெஸ்டில்
என் தோளில் ரைஃபிள் இல்லை.
அட்டையில் செருகிய தாளும்
பல்லால் சீவிய பென்சிலும்.

வெலிங்டனில் விடிவது தெரியாது.
இருட்டு வெளுத்துப் பனியாகும், அவ்வளவுதான்.
யூகலிப்டஸ் மரங்களுக்கு
இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லை.
நெஞ்சில் நம்பர் கட்டிய நாற்பத்தொரு பேர்
நின்ற இடத்திலேயே குதித்தார்கள்.
வாயெல்லாம் ஆவி,
வரிசையாக டீக்கடை திறந்ததுபோல.

உஸ்தாத் குஞ்ஞம்பு விசில் ஊதினார்.
பூட்ஸ் சத்தம் சரிவில் இறங்கி
வளைவில் திரும்பியதும்
யாரோ கதவைச் சாத்தினாற்போல நின்றது.

பிறகு நாங்கள் இருவர்.
அவர் கையில் வாட்ச்.
அவருக்குக் காசர்கோடு, எனக்குச் சாத்தூர்ப் பக்கம்.
எங்களுக்கு நடுவில் எண்கள் மட்டும் ஹிந்தி.
சத்தாயீஸ் எது, அட்டாயீஸ் எது என்று
மூன்று மாதமாகியும்
விரல் மடக்கினால்தான் பிடிபடும்.
அட்டாயீஸ், இருபத்தெட்டு.
இருபத்தெட்டு முடிவதற்குள் வந்தால் பாஸ்.
ஒரு நொடி கூடினாலும் இல்லை.

முதலில் பிஜேஷ்.
இடுக்கியில் பிறந்தவனுக்கு
மேடென்ன, பள்ளமென்ன.
பின்னால் நரசிம்மலு, வாயை மூடியபடி,
கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறவன் மாதிரி.
அப்புறம் கும்பலாக வந்தார்கள்.
நம்பர், நேரம், நம்பர், நேரம்,
தாளில் பனி இறங்கிப்
பென்சில் வழுக்கியது.
ஒருவன் கோட்டைத் தாண்டி உட்கார்ந்து
லேசை அவிழ்த்தான், கட்டினான், அவிழ்த்தான்.

இருளாண்டி வரவில்லை.

வாலிநோக்கத்தில் உப்பள வரப்பில் நடந்து வளர்ந்தவன்.
அவன் பார்த்த உயரமெல்லாம்
உப்புக் குவியல்தான்.
டிரங்குப் பெட்டிச் சாவியை
ஷூ லேசில் கோத்திருப்பான்.
பனியில் ஆள் தெரியுமுன்னே
சாவி வரும்.

வந்தது.
ஒரு தட்டு, ஒரு இழுப்பு,
ஒரு தட்டு, ஒரு இழுப்பு.
எங்கோ விழுந்து எழுந்திருக்கிறான்.
முழங்காலில் செம்மண்.
வயிற்றைத் தாண்டி நெஞ்சு முன்னால் வர,
நெஞ்சைத் தாண்டி நாக்கு.
நான் ஓடாத கால்
தானாக ஒரு எட்டு வைத்தது.

கோட்டில் அவன் கால் பட்டது.
உஸ்தாத் கட்டைவிரல் அழுத்தியது.
"அட்டாயீஸ்..." என்றார்.
அந்நேரம் பார்த்துக் கீழே
ஊட்டி ரயில் ஹாரன் அடித்தது.
எதிர்மலை அதை வாங்கித்
திருப்பி அடித்தது.
சத்தம் ஓய்ந்து பார்த்தால்
அவர் வாட்சில் வரிசையாகப் பூஜ்யம்.
கடைசி ஆள் வந்தாயிற்றே.

"எத்தனை செகண்ட் உஸ்தாத்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.
இருளாண்டி வேலிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து
விடிகாலை டீயைத்
திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நீ கேட்டது என்னவோ, அது எழுது."

நான் கேட்டது இருபத்தெட்டு.
அப்புறம் கேட்டது ரயில்.
28 எழுதினேன். புள்ளி வைத்தேன்.
புள்ளிக்கு அந்தப் பக்கம் எழுதவில்லை,
சைபர்கூட.
சைபர் என்றால் எனக்குத் தெரியும் என்றாகிவிடும்.

தாளை வாங்கி
ஒரு பீடி குடிக்கும் நேரம் பார்த்தார்.
கையெழுத்துப் போட்டார்.
அதன் வால் நீண்டு
காலியான கட்டத்துக்குள் போய் நின்றது.

சாயங்காலம் குழாயடியில்
பனியனைக் கல்லில் அறைந்தபடி இருளாண்டி சொன்னான்:
"அந்த வளைவுல மட்டும் வழுக்கலேன்னா
இருபத்தேழுல வந்திருப்பேன்டா."
ஆமாம் என்றேன்.
பனியன் ஓரத்தைப் பிடித்துப்
பிழிய உதவினேன்.

விரிசல் கூடினதும் எனக்கு அடுத்த பேட்ச்.
தெரியாத முகங்கள், முதலிலிருந்து எல்லாம்.
கோட்டில் பென்சிலோடு நிற்பவன் யாரோ,
எந்த ஊரோ, காது எப்படியோ.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்
ஸ்டேஷன் பலகையில்
ரயில் நேரத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன்.
மழைக்காலத்தில்
அது சொன்ன நேரத்துக்கு வராதாம்.