நீல மினி பஸ்

இடது பின்னங்கால். ஏழு தையல்.
பத்து நாளைக்கு நாக்கு படக்கூடாது என்றார்
மஞ்சக்குப்பம் மாட்டாஸ்பத்திரி டாக்டர்.
நாயிடம் சொல்ல வேண்டியதை
என்னைப் பார்த்துச் சொன்னார்.

திலகவதி ஆண்கள் வார்டில் நர்ஸ்.
பஞ்சு, காஸ், குறுக்கே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று,
முடிச்சைப் பல் எட்டாத பக்கம் தள்ளிவிட்டு
"எந்தப் பாவியோ, அவன் கை வெளங்காமப் போக" என்றாள்.
பிளாஸ்திரியைப் பிடித்துக்கொண்டிருந்தேன் நான்,
அந்தக் கையால்.

சோக்காக நடக்கும் என்பதால் சோக்கு.
முதல் கட்டை அன்று சாயந்திரமே பிரித்துவிட்டது.
நுனி கிடைத்தால் போதும்,
பூப் பொட்டலம் பிரிப்பதுபோல் அவ்வளவு பக்குவம்.
இரண்டாவது கட்டின் மேல் வேப்பெண்ணெய் தடவினேன்.
முகத்தைச் சுளித்தபடியே நக்கி முடித்தது.
மூன்றாவதன் மேல் என் பழைய சாக்ஸ்.
சாக்ஸைக் காணவில்லை.
இரண்டு நாள் கழித்துக் கொல்லையில்
வேறு வழியாக வந்து கிடந்தது.

அப்புறம்தான் நாலு லிட்டர் பெயின்ட் வாளி.
அடியை அறுத்து, விளிம்புக்குச் சைக்கிள் டியூப் சுற்றித்
தலையில் மாட்டினேன்.
நிலைப்படியில் இடித்தது. கிரைண்டரில் இடித்தது.
சோற்றுத் தட்டைத் தள்ளிக்கொண்டே அடுப்படிவரை போனது.
தட்டைச் செங்கல் மேல் வைத்த பிறகு சாப்பிட்டது.
ஒரு தடவை குரைத்தால்
வாளிக்குள் இரண்டு நாய் குரைத்தன.

திலகாவுக்கு நைட் டியூட்டி, காவல் எனக்கு.
மூன்று மணிக்கு ஐஸ் லோடு வேறு.
குட்டியானையின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டேன்.
கெடிலம் பாலத்தில் ஏறும்போது
வாளிக்குள் புகுந்து காற்று ஊளையிடும்.
கியர் மாற்றாத நேரமெல்லாம்
ஒரு கை வாளியின் மேல்.

துறைமுகத்தில் கேட்டார்கள்.
மினி பஸ் என்றேன்.
மறுநாள், நீல மினி பஸ்.
"விடியறதுக்கு முன்னாடி ஏதுய்யா மினி பஸ்சு?"
ஐஸ் உடைக்கிற தேசிங்கு சிரித்தான்.
கல்யாண ட்ரிப், பண்ருட்டி வண்டி என்றேன்.
வாயிலிருந்து சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது,
ரத்தம் தெரியாத கனத்துக்கு.
கட்டுக்கதை என்ற சொல்லில்
கட்டு எதற்கு நிற்கிறதென்று
ஐஸ் தூள் பறக்கும் அந்த இருட்டில் விளங்கியது.
வாளியின் ஆழத்திலிருந்து இரண்டு கண்கள்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

ரிவர்ஸ் ஹாரன் ஒயரைப் பிடுங்கியவன் நான்தான்.
தெருவையே எழுப்புகிறதென்று
எதிர்வீட்டு ஆரோக்கியராஜ் சலித்துக்கொண்டார்.
பின்சக்கரத்தடியில் அது படுத்திருக்கும் என்பது
தெரியாததல்ல.
சின்ன மேட்டில் ஏறி இறங்கியதுபோல இருந்தது.
அப்புறம்தான் சத்தம்.
திலகா வருவதற்குள்
வண்டியைக் கழுவியிருந்தேன்.

எட்டாம் இரவு அசந்துவிட்டேன்.
விழித்தால் வாளி ஒரு பக்கம், காஸ் ஒரு பக்கம்.
கால் திறந்து கிடக்கிறது ட்யூப் லைட் வெளிச்சத்தில்.
நக்கவில்லை.
என் பாதத்தின் மேல் முகவாயை வைத்துத்
தூங்கிக்கொண்டிருந்தது.
நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஏழு கறுப்பு முடிச்சுகளை,
விடியும்வரை.

பதினோராம் நாள் காலை, யூனிபாரம் மாற்றாமல்
தரையில் உட்கார்ந்து தையல் பிரித்தாள்.
தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்; பிடித்துக்கொண்டேன்.
ஐந்தாவது நூலை இழுக்கும்போது
நிமிராமலே கேட்டாள்:
"அந்த ரிவர்ஸ் ஹாரன சரி பண்ணிட்டியா?"

ஆறு.
ஏழு.

சோக்கு எழுந்து காதுகள் படபடக்க உதறிக்கொண்டது.
மூன்று காலும் ஒரு சந்தேகமுமாக நடந்து
வண்டியிடம் போய்ப்
பின்சக்கரத்தை நெடுநேரம் முகர்ந்தது.
பிறகு தையல் போட்ட காலையே தூக்கி
நிதானமாக நனைத்தது.

அன்று வண்டியைக் கழுவவில்லை.