ஆறு சத்தம்

இந்தச் சாலை தண்ணீருக்குள் போகிறது.
படித்துறை இல்லை, கரை இல்லை.
வேலைக்குக் கிளம்பியவன் மாதிரி
நேராக இறங்கிப் போய்விடுகிறது.
வாயிலில் இரண்டு கல்தூண், நடுவே துருச்சங்கிலி.
இடது தூணில் லாரி உரசிய தழும்பு:
கண்ணாயிரம் ஓட்டிய வண்டி,
பிரேக் பிடிக்காத ஒரு திங்கட்கிழமை.

என் இடம் வலது தூண்.
பத்தொன்பது வயது, கையில் சிவப்புத் துணி.
அக்காவின் பாவாடையில் கிழித்தது;
கம்பெனிக் கொடி முதல் மழையிலேயே வெளுத்துவிட்டது.
பகல் ஒரு மணிக்கு மூன்று விசில்.
பம்மல் பக்கமிருந்து வருவதெல்லாம் எனக்கு நிற்கும்.
மாட்டு வண்டி, பள்ளிக்கூட ரிக்‌ஷா,
ஒருமுறை மாலை போட்ட பாடைகூட.
சாவு மேளக்காரர்கள் குந்தி உட்கார்ந்து
பீடி பற்றவைத்தார்கள்.
மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தை மட்டும்
நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நிறுத்தவேண்டும், எண்ணவேண்டும்.
எத்தனை குழியில் மருந்து என்று
கீழேயிருந்து ஓபுலேசு விரல் காட்டுவார்.
அத்தனை சத்தமும் கேட்ட பிறகுதான்
கொடி இறங்கலாம்.
அவ்வளவுதான் கணக்கு.

கல் எங்கே போனது என்றால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.
துறைமுகத்துக்கு என்பார் மேஸ்திரி.
தண்டவாளத்துக்கு என்பான் கண்ணாயிரம்.
ஒரு துண்டு எனக்குத் தெரியும்:
அங்கம்மா தலையில் சுமந்து கொண்டுவந்து போட்டது,
எங்கள் குழாயடியில் துணி துவைக்கக் கிடந்தது.
முதலில் இது மலையாக இருந்ததாம்.
நான் சேர்ந்தபோதே
தலைகீழாகத் தரைக்குள் வளர்ந்துகொண்டிருந்தது.

ஐப்பசியில் ஒரு வியாழன்.
ஓபுலேசு ஏழு விரல் காட்டினார்.
ஆறு கேட்டது.

கொடியை இறக்கவில்லை.
பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.
"ரெண்டு சேர்ந்து வெடிச்சிருக்கும்டா" என்றார் மேஸ்திரி.
இருக்கலாம்.
இரண்டு சேர்ந்தால் ஒன்றாகத்தான் கேட்கும்.
கை வலித்தது.
துணி தானாகச் சரிந்ததா, நான் இறக்கினேனா,
விசாரணைக்கு வந்தவரிடம் இரண்டையும் சொன்னேன்,
வேறு வேறு நாட்களில்.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் ஆனது.
மூன்று நாள் ஓபுலேசு பாறையில் காது வைத்து நடந்தார்,
தூங்குகிற நாயைச் சுற்றிப் போகிறவர் போல.
கிழக்குச் சுவரில் எங்கேயோ, என்றார்.
நான்காம் நாள் அங்கம்மா கூடையைக் கவிழ்த்து
அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.
"நேனு தெகனு" என்றாள்.
அவள் இறங்கவில்லை என்றதும் எவரும் இறங்கவில்லை.
குத்தகைக்காரர் வேறு ஆள் கொண்டுவந்தார்;
அவர்களுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது.
சம்பளம் நின்றது, பிறகு பம்பு நின்றது.
ஊற்று, சங்கிலியைக் கேட்காமல்,
வளைவு வளைவாக ஏறி வந்தது.

வெடிக்காத ஒன்றால்
மூடிக்கொண்ட குவாரி இது.

இப்போது நீலச் சட்டை எனக்கு.
எதிரே பதினான்கு மாடி, பெயரில் ஏரி இருக்கிறது.
தூக்கி இறக்க ஒரு தடுப்புக் கம்பம்,
சிவப்புப் பட்டை போட்டது.

போன சித்திரையில் ஒரு பையன் குளிக்க இறங்கினான்.
செருப்பும் கல்லூரி அட்டையும் சங்கிலியருகே.
தீயணைப்பு ஆட்கள் ஆழம் கேட்டார்கள்.
ஆழம் தெரியாது, வழி தெரியும் என்றேன்.
விசிட்டர் நோட்டின் கடைசித் தாளில் வரைந்தேன்:
முதல் வளைவு, லாரி ஒதுங்கும் இடம்,
மருந்து அறை, இரண்டாம் வளைவு.
அங்கேதான் இருந்தான்,
சாலையோரமாக, பஸ்ஸுக்கு நிற்பவன் போல.
கிழக்குச் சுவரில் நான் போட்ட
சின்னப் பெருக்கல் குறி என்னவென்று
ஒருவரும் கேட்கவில்லை.
ஈரக் கையால் தாளைத் திருப்பித் தந்தார்கள்.

பகல் ஒரு மணிக்கு
சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் வரிசையாக நிற்பார்கள்.
கம்பத்தைத் தூக்க என் கை கொஞ்சம் தாமதிக்கும்.
தண்ணீர்ப் பக்கம் காது போகும்.
"தூக்குண்ணா, ஆறுது" என்பான் முன்னால் நிற்பவன்.
ஆமாம் தம்பி,
ஆறுதான்.